பொன்மலைத் தாவல்

பாய்லருக்குள் ஆள் நுழைய ஒரு ஓட்டை உண்டு. சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிசு. அடைக்கலம் அதில் முதலில் தலையை விடுவான், பிறகு ஒரு தோள், பிறகு மூச்சு மொத்தத்தையும் வெளியே விட்டுவிட்டு மறு தோள். இடுப்பு போய்விட்டால் மீதி உடம்பு தானாகப் போய்விடும். உள்ளே குந்திக்கொண்டு, பழுக்கக் காய்ச்சிச் செருகிய ரிவிட்டின் தலையில் டாலி என்கிற இரும்புக் கட்டையை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் தகட்டில் இரண்டு தட்டு. அடி என்று அர்த்தம். வெளியே பிச்சை சம்மட்டி போடுவான். வெளியே நிற்கிறவனுக்கு அது சத்தம். உள்ளே இருக்கிறவனுக்கு அது மண்டைக்குள் நடக்கிற வேலை.

பாலக்கரையில் ரயில் பாதை ஓரமாகச் செல்லக்கண்ணுவின் பட்டறை. முசிறி, லால்குடி, குளித்தலை என்று சுற்றுப்பட்டு அரிசி மில் பாய்லர்கள் ஒழுகினால் அங்கேதான் வரும். பட்டறை ஆட்களுக்குச் சில வருஷத்தில் காது போய்விடும். அதை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை. மீன் விற்கிறவள் மேல் மீன் வாடை அடிக்கிற மாதிரி, பட்டறைக்காரனுக்குக் காது கேட்காது. அவர்கள் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதைச் சொல்லி அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

அடைக்கலம் மட்டும் காதை மூடிக்கொண்டு வேலை செய்தான். மாதா கோயிலில் எரிந்து முடிந்த மெழுகுவத்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து உருக்கி, பஞ்சை அதில் தோய்த்து, இரண்டு காதிலும் அடைத்துக்கொள்வான்.

"பொணத்துக்குத்தாண்டா பஞ்சு வைப்பாங்க. நீ உசிரோடயே வச்சிக்கிட்டு அலையிற" என்பான் பிச்சை.

"எனக்குக் காது வேணும்டா."

"எதுக்கு? பெண்டாட்டி திட்டுறதக் கேக்கவா? அது கேக்காம இருக்கத்தானே நாங்க வேலைக்கே வர்றோம்."

அடைக்கலத்துக்குக் காது வேண்டியிருந்தது டிரம்பெட்டுக்காக.

கோயில் பேண்டு செட்டில் தேர் பவனிக்கும் சாவுக்கும் ஊதிப் பழகியவன் அவன். பொன்மலை ரயில்வே காலனியில் சட்டைக்காரர்கள் இருந்தார்கள். ஆங்கிலோ இந்தியர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் போன பிறகு அவர்களும் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன ஒரு ரயில் கார்டுதான் தன் டிரம்பெட்டை அடைக்கலத்திடம் தள்ளிவிட்டுப் போனார். காலனியின் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடக்கிற டான்ஸில் டிரம்பெட்டுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. பாய்லர் பட்டறைக்காரனை மேடையேற்றுவதா என்று கொஞ்ச நாள் இழுத்தார்கள். ஊதிக் காட்டியதும் ஒரு பழைய கோட்டைக் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். கோட்டு அவனுக்கு முழங்கால் வரைக்கும் வந்தது.

ஜாஸ் என்ற சொல்லை அவன் அங்கேதான் கேட்டான். இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கிராமபோன், ஒரு பெட்டி நிறையப் பிளேட்டுகள். அதில் ஒன்றுக்கு லேபிள் கிடையாது, உரிந்து போயிருந்தது. பாட்டு எது, ஊதுகிறவன் யார், யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் எவனோ ஒருத்தன். அவனும் மூட்டை தூக்கினவனாகத்தான் இருப்பான், இல்லாவிட்டால் இப்படி ஊத வராது என்று அடைக்கலம் நம்பினான். ஓய்வு நாள் முழுக்க அந்தப் பிளேட்டின் முன்னால் உட்கார்ந்து, வரி வரியாக அப்படியே பிடித்தான்.

அதில் ஒரு இடம். டிரம்பெட் மேலே மேலே ஏறிப் போய், இனி ஏற வழியில்லை என்கிற இடத்தில் மூன்று தாளத்தை விழுங்கிவிட்டு அந்தப் பக்கம் போய்க் குதிக்கும். முதல் தடவை கேட்டபோது அடைக்கலம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான். காவிரிப் பாலத்திலிருந்து பையன்கள் தண்ணீருக்குள் குதிக்கிற மாதிரி இருந்தது. "அந்தாளு தாவுறான் பாருங்க மிஸ்! எவனுக்கு வரும் அந்தத் தைரியம்?" என்றான், பியானோ வாசிக்கிற பேட்ரிசியாவிடம்.

உண்மை என்னவென்றால் அங்கே பிளேட்டில் ஒரு கீறல். ஊசி ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரியில் விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் விழுந்தது சரியாகத் தாளத்தின் மேலேயே விழுந்தது. பிளேட்டு பொன்மலைக்கு வரும்போதே கீறலோடுதான் வந்தது, கீறாத பிளேட்டை அந்தக் காலனியில் ஒருத்தரும் கேட்டதில்லை. அடைக்கலம் அந்தத் தாவலைப் பாட்டின் ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் வைத்தான். பேட்ரிசியா பியானோவில் கூடவே தாவினாள். ஆடுகிறவர்களும் பழகிக்கொண்டார்கள். அந்த இடம் வந்ததும் அத்தனை ஜோடியும் சேர்ந்து ஒரு குதி குதிக்கும், மரத்தளம் அதிரும், கிழவர்கள் கூட விசிலடிப்பார்கள். ஈரோட்டிலிருந்தும் மதுரையிலிருந்தும் டான்ஸுக்கு வருகிற சட்டைக்காரர்கள் அதற்குப் பொன்மலைத் தாவல் என்று பெயர் வைத்தார்கள்.

மெழுகும் பஞ்சும் போதவில்லை. முதலில் பியானோவின் மேல் சுரங்கள் போயின. பிறகு பியானோவே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆயிற்று. அடைக்கலம் யாரிடமும் சொல்லவில்லை. மேடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றான். மரத்தளம் வழியாகத் தாளம் பாதத்துக்கு ஏறியது. ஒரு நாள் பேட்ரிசியா அவன் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அன்றையிலிருந்து குதிகாலால் ஓங்கி ஓங்கித் தளத்தை மிதித்துக்கொண்டே வாசித்தாள்.

ஐம்பத்தெட்டு வைகாசியில் பேட்ரிசியா ரிக்‌ஷா பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டாள். கவுனும் குடையுமாக அவள் கரித்தூளில் இறங்கி நின்றதும் சம்மட்டிகள் நின்றன.

"டேய், வெள்ளைக்காரி வந்திருக்கா. குடுத்த நாட்டத் திருப்பிக் கேக்கப் போறா" என்றான் பிச்சை.

பேட்ரிசியா பாய்லரைக் குடையால் தட்டினாள். "என்னா மேன் அடைக்கலம், வெளியே வா மேன்!"

அடைக்கலம் ஓட்டை வழியாகத் தலையை மட்டும் நீட்டினான். முகம் முழுக்க இரும்புத் துரு. அவள் விஷயத்தைக் கத்திச் சொன்னாள், பட்டறை முழுக்கக் கேட்டது. முசிறியில் மில் வைத்திருக்கிற தர்மராஜுக்கு ஸ்ரீரங்கத்தில் பங்களா. மகன் கல்யாண ரிசப்ஷனுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய ஓட்டலின் ஜாஸ் பேண்டைக் கூப்பிட்டிருக்கிறார். பேண்டு லீடர் மெனேசஸ் அவள் அப்பாவுக்குப் பழக்கம். அவருடைய டிரம்பெட்காரனுக்கு மஞ்சள் காமாலை, படுத்துவிட்டான்.

"சனிக்கிழமை நீ ஊதறே. நல்லா ஊதினா உன்னை மெட்ராஸ் கூட்டிட்டுப் போயிடுவான். ஓட்டல்ல பெர்மனென்ட் மேன்! அடுத்த வாரமே பிளேட்டு ரெகார்டிங் இருக்கு."

"பிளேட்டா?"

"பிளேட்டு மேன். உன் டிரம்பெட். பிளேட்டில."

அடைக்கலம் ஓட்டையிலிருந்து முழுசாக வெளியே வந்தான். எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை, முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

பிச்சை மேல்துண்டால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டான். "போடா. போய்த் தொலை. பிளேட்டு வந்தா எனக்கு ஒண்ணு குடு. கேக்காட்டியும் சோறு போட்டுத் திங்கறேன்."

செல்லக்கண்ணு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நல்லபடியாப் போயிட்டு வா. வரலைன்னாலும் சந்தோசம். வந்தா ஓட்டை இங்கதான் இருக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

வீட்டில் அவன் பெண்டாட்டி செல்வமேரி பட்டைக்கல் தீட்டுகிற சாணை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மோதிரத்துக்கு வைக்கிற செயற்கை வைரம். பாலக்கரையில் பாதி வீட்டுப் பெண்களுக்கு அதுதான் வேலை. அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அடைக்கலம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. அவள் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவன் முதுகில் எறிந்தாள். அதற்காகவே கிண்ணம் வைத்திருந்தாள். அவன் திரும்பினான்.

"அந்த மெட்ராஸ்காரருகிட்ட காது விசயத்தச் சொல்லியாச்சா?" என்றாள் உரக்க.

"எதுக்குச் சொல்லணும்? பட்டறைய விட்டா காது திரும்பிடும். கம்பவுண்டர் இருதயநாதன் சொன்னாருல்ல?"

"இருதயநாதன் அண்ணன் சொன்னது, 'சத்தத்த விட்டா இதோட நிக்கும், திரும்பினாலும் திரும்பும்'னு. நீங்க பாதியத்தான் புடிச்சிக்கிட்டீங்க."

"எனக்குப் பாதிதானடி கேக்குது" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இங்க அந்த மிஸ்ஸம்மா தரைய மிதிச்சுக் காப்பாத்துது. மெட்ராஸ்ல யாரு மிதிப்பா?"

"மெட்ராஸ்ல மரத்தளம் இல்லாமலா இருக்கும்? ஓட்டல்டி. நம்ம வீடா?" அவன் எழுந்து வந்து சாணையைக் கையால் நிறுத்தினான். "மேரி, இன்னும் ஒரு வருசம் அந்த ஓட்டைக்குள்ள போனா இந்தப் பாதியும் போயிடும். அப்புறம் டிரம்பெட்ட வித்துடலாம். இப்பப் போனா ஒரு பிளேட்டாவது இருக்கும். என் காது போனாலும் உனக்குக் கேக்கும்ல?"

அவள் அவன் கையை விலக்கிவிட்டுச் சாணையைச் சுற்றினாள். கையிலிருந்த கல்லைத் தீட்டி முடித்துவிட்டு, "கோட்ட எடுத்துக் குடுங்க. சின்னதா ஆக்கித் தரேன்" என்றாள்.

அம்மா மண்டபம் போகிற சாலையில் தர்மராஜின் பங்களா. பின்னால் தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் காவிரி, காவிரியில் மணல். தோப்பு முழுக்கச் சீரியல் விளக்கு, நாற்காலிகள். கோயில் வீதிகளிலிருந்து வந்த பெரியவர்கள் இரண்டு பேர் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு, மேடையில் வாத்தியங்களைச் சுருதி பார்ப்பதைக் கேட்டுக் கொஞ்சம் நின்றார்கள்.

"என்ன வாத்யம் ஓய் இது? பெருமாள் பொறப்பாட்டுல யானைக்கு வயத்து வலி வந்தாப்ல இருக்கு."

"மெட்ராஸ்லேர்ந்து தருவிச்சிருக்கா. நடையக் கட்டுங்கோ, வலி நமக்கும் ஒட்டிக்கும்."

அடைக்கலம் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினான். ஏறியதும் நின்றான். காலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். பிறகு குனிந்து ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். பலகை இல்லை. ஆற்று மணலை அள்ளிக் கொட்டி மேடாக்கி, செங்கல் அண்டைகொடுத்து, மேலே ஜமக்காளம் விரித்திருந்தார்கள். மணல் எதையும் காலுக்குக் கொடுக்காது. சம்மட்டி போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளும்.

முன் வரிசையில் பேட்ரிசியா உட்கார்ந்திருந்தாள். அவன் குனிந்து பார்த்ததை அவளும் பார்த்தாள். தன் காலைத் தரையில் ஓங்கி மிதித்தாள். செருப்புக் குதிகால் மணலில் புதைந்தது.

மெனேசஸ் ஐம்பது வயசுக்காரர், கோவாக்காரர், மெட்ராஸுக்கு வந்து தலை நரைத்தவர். சாக்ஸபோன் வாசிப்பார். அடைக்கலத்தின் தோளில் கை போட்டு, "இன்னா மேன், பயமா? பயப்படாதே. கல்யாணத்துல எவன் பாட்டு கேக்கறான்? அல்லாரும் ஐஸ்கிரீம் பாத்துக்கினு இருப்பான்" என்றார். முகத்துக்கு நேராகச் சொன்னதால் அடைக்கலத்துக்குப் புரிந்தது.

அவன் டிரம்ஸ்காரனின் கால் தெரிகிற மாதிரி நகர்ந்து நின்றுகொண்டான். அந்தக் கால் மிதிக்க மிதிக்க ஊதினான். பியானோக்காரனின் தோள் ஏறினால் இது வருகிறது, இறங்கினால் அது வருகிறது என்று பிடித்தான். முதல் மூன்று நான்கு பாட்டும் தெரிந்த பாட்டுகள், மெதுவானவை, பொன்மலையில் ஊதித் தேய்ந்தவை. நழுவாமல் போனான். உதடு நன்றாக இருந்தது. அவனுடைய ஊதல் தென்னை மரங்களுக்கு மேலே போனதை அவனே ஓரளவு கேட்டான், தன் பல் வழியாக. ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மெனேசஸ் கண்ணடித்தார். பேட்ரிசியா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தாள்.

இடைவேளையில் மெனேசஸ் அவனுக்கு ஒரு டம்ளர் பன்னீர் சோடா கொண்டுவந்து கொடுத்தார்.

"உன் லிப் நல்லா கீது மேன். உன்னோட பாட்டு இன்னா? உனக்குப் புடிச்சது. அத்தைப் போடலாம்."

"பேரு தெரியாதுங்க." அடைக்கலம் முதல் வரியை வாயால் பாடிக் காட்டினான்.

மெனேசஸின் முகம் மலர்ந்துவிட்டது. "அட! இதுவா? நான் டை கட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடியே இத்தைக் கத்துக்கினேன். பாய்ஸ், ரெடி."

இந்த ஒரு பாட்டுக்கு அடைக்கலத்துக்கு யாருடைய காலும் தேவையில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் ஊதுவான். பாய்லருக்குள் டாலியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் மனசுக்குள் ஓட்டியது இதைத்தான். மெனேசஸ் கையால் தாளம் எண்ணிக் காட்டினார். அடைக்கலம் ஆரம்பித்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

முதல் சுற்று ஏறியது. ஏறி ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற இடம் வந்தது. அடைக்கலம் தாவினான்.

முன் வரிசையில் பேட்ரிசியாவின் காலும் பழக்கத்தில் கூடவே தாவியது. தாவின பிறகுதான் அவளுக்குக் கேட்டது, பேண்டு தாவவில்லை. பியானோவும் சாக்ஸபோனும் டிரம்ஸும் அந்த மூன்று தாளத்தையும் நேராக, ஒன்று விடாமல், வழவழவென்று கடந்து போயின. அங்கே ஒரு அழகான இறக்கம் இருந்தது. அவள் அதுவரை கேட்டே இராத இறக்கம். அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஓ ஜீஸஸ், கீறல்" என்று வாய்விட்டே சொன்னாள்.

அடைக்கலம் மூன்று தாளம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். மெனேசஸ் பழுத்த ஆள். இடது கையைத் தூக்கி ஒரு சைகை காட்டினார். பேண்டு மொத்தமும் மூன்று தாளத்தை விட்டுவிட்டு ஓடி வந்து அவனோடு சேர்ந்துகொண்டது. ஐஸ்கிரீம்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மெனேசஸ் சிரித்துக்கொண்டே அவன் பக்கம் சாய்ந்து, "தாவாதே மேன், நேராப் போ" என்றார். அடைக்கலம் ஊதினான். இரண்டாவது சுற்று ஏறியது. மெனேசஸ் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "நேரா! நேராப் போ!" என்று கத்தினார்.

அடைக்கலம் தாவினான். அதுவரை அவ்வளவு அழகாகத் தாவியதில்லை.

மெனேசஸ் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு அவர் பேண்டைத் துரத்த விடவில்லை. மூன்றாவது சுற்றில் டிரம்ஸ்காரனைக் கையமர்த்தினார், பியானோவைக் கையமர்த்தினார். எல்லாம் நின்ற பிறகும் அடைக்கலம் தனியாக ஊதிக்கொண்டே இருந்தான். தனியாக ஏறினான், தனியாகத் தாவினான், கண்ணை மூடியபடி பாட்டை முடித்தான். விருந்தாளிகள் அதை ஒரு சோலோ என்று நினைத்து நன்றாகக் கை தட்டினார்கள்.

கண்ணைத் திறந்தபோது டிரம்ஸ்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமாக என்று அடைக்கலத்துக்குத் தெரியவில்லை.

மீதிப் பாட்டுகளை மெனேசஸ் டிரம்பெட் இல்லாமலேயே நடத்தினார். எல்லாம் முடிந்து, சமையல் கொட்டகைக்குப் பின்னால் அடைக்கலம் ஒரு கல்லில் உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே பேட்ரிசியா நின்றுகொண்டிருந்தாள். குடையைத் திறந்து திறந்து மூடினாள்.

மெனேசஸ் அவனுக்குப் பின்பக்கமாக வந்தார். பேட்ரிசியாவைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தார். அடைக்கலத்தின் முதுகுக்கு மிக அருகில் நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் சொன்னார்: "அடைக்கலம், உனக்கு மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். வர்றியா?"

அடைக்கலம் டிரம்பெட்டின் வாய்ப்பகுதியைக் கழற்றி, உள்ளே ஊதி, எச்சிலை உதறினான்.

"வர்றியா மேன்?" என்றார் மெனேசஸ், இன்னும் கொஞ்சம் உரக்க.

அடைக்கலம் துணியை மடித்து அடுத்த பக்கத்தால் துடைத்தான். பேட்ரிசியாவின் முகம் கோணிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் திரும்பினான்.

மெனேசஸ் அவன் எதிரில் வந்து குந்தினார். விலை உயர்ந்த கால்சட்டை மண்ணில் பட்டதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எத்தினி நாளா?"

அடைக்கலம் பொய் சொல்ல ஒரு நிமிஷம் பார்த்தான். "கொஞ்ச நாளாத்தாங்க. பட்டறை வேலை. விட்டா சரியாயிடும்."

"அந்தத் தாவல் எங்க கத்துக்கின?"

"பிளேட்டுலங்க. அந்தாளு தாவுவாருல்ல? அங்க."

"அது கீறல், மேன். ஊசி குதிக்குது. அந்த ஆளு தாவல. நேராத்தான் போறான்."

அடைக்கலம் பேட்ரிசியாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"தாவவே இல்லீங்களா?"

"இல்ல."

சமையல்காரர்கள் அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டில் அந்த ஒரு இடத்துக்காகத்தான் அடைக்கலம் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு பொன்மலைக்கு நடந்தான். அந்த ஆளை, பேர் தெரியாத அந்த ஆளை, அந்த ஒரு குதிக்காகத்தான் சாமி மாதிரி நினைத்தான்.

"அது ஒண்ணும் தப்பில்ல" என்றார் மெனேசஸ். "நானும் ஓட்டைப் பிளேட்டுல கத்துக்கினவன்தான். ஒரு வாரத்துல உன்னை நேராக்கிடுவேன். ஆனா நாங்க அல்லாரும் உன் பின்னாடி ஓடி வந்தோம், உனக்குத் தெரியல. காதுல கத்தினேன், தெரியல. நிறுத்திட்டோம், அதுவும் தெரியல."

"கண்ண மூடிட்டேங்க. அதான். தொறந்து வச்சிருந்தா புடிச்சிருப்பேன். முன்னாடி நாலு பாட்டு சரியா வரலியா? பாத்துப் பாத்தே ஊதிடுவேங்க."

"பழைய பாட்டு வரும் மேன். புது ஆளு புதுசா ஒண்ணு வாசிச்சா நீ இன்னா பதில் சொல்லுவ? ரெகார்டிங்ல ஒரே ஒரு மைக்கு. அல்லாரும் அத்தைப் பாத்து நிக்கணும். எவன் காலைப் பாப்ப?"

"பிளேட்டு ஒண்ணே ஒண்ணு மட்டுங்க." அடைக்கலத்தின் குரல் அளவு தெரியாமல் உயர்ந்துவிட்டது. சமையல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஓட்டல் வேலை வேணாங்க. ஒரே ஒரு பிளேட்டு. தனியா ஊதறேன். இப்ப ஊதின மாதிரி."

மெனேசஸ் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கைகள் டாலி பிடித்துப் பிடித்து மரக்கட்டையாக இருந்தன. "தனியா ஊதற பிளேட்டை எவன் வாங்குவான்? கம்பெனிக்காரன் என்னை அடிப்பான்" என்றார். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். கோபத்தில் போகவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பேட்ரிசியா டாக்ஸியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். வேண்டாமென்றுவிட்டு டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு அவன் நடந்தான். அவளும் குடையோடு கூடவே வந்தாள். பஸ் வந்தபோது அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"அடுத்த டான்ஸுக்கு எப்படி வாசிக்கலாம் மேன்? நேராவா, தாவியா?"

"தாவியே போவோம் மிஸ். நேராப் போனா எப்படி இருக்கும்னு நான் கேட்டதே இல்லையே."

"இன்னிக்கு நான் கேட்டேன் மேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த இறக்கத்தை மெதுவாகப் பாடிக் காட்டினாள். பஸ் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். உதடு அசைவது தெரிந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். பாலத்தில் போகும்போது கண்டக்டர் மூன்று தடவை டிக்கெட் கேட்டுவிட்டுத் தோளில் குத்தினான். "என்னய்யா செவிட்டுப் பொணமா நீ?"

வீட்டில் செல்வமேரி சாணையை நிறுத்திவிட்டு எழுந்தாள். மெட்ராஸுக்கென்று கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, வேட்டியையும் சட்டையையும் எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். கோட்டை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவளே மெழுகு உருக்கி, இரண்டு பஞ்சு உருண்டைகளைத் தூக்குவாளி மூடியில் வைத்தாள். அவன் தூக்குவாளியை எடுத்தான். மூடியைச் சாய்த்துப் பஞ்சைச் சாணை மேடையில் கொட்டிவிட்டு, மூடியைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். செல்வமேரி புளியங்கொட்டையை எடுத்தாள். எறியவில்லை.

பட்டறையில் கிடந்தது தர்மராஜ் மில்லின் பாய்லர். கல்யாண அவசரத்தில் போன மாதம் ஒட்டுப்போட்ட இடம் திரும்ப ஒழுகியிருந்தது. செல்லக்கண்ணு அவனைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"என்னடா மெட்ராஸ்காரரே, பிளேட்டு எங்க?" என்று ஆரம்பித்த பிச்சை, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். பிறகு காதைப் பார்த்தான். "டேய். பஞ்சு வைக்கலியா?"

அடைக்கலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். டாலியை ஓட்டை வழியாக முதலில் உள்ளே போட்டான். தலை போயிற்று. ஒரு தோள். மூச்சை வெளியே விட்டான். மறு தோள்.

பிச்சை சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓட்டைக்குள் வாயை வைத்துக் கத்தினான். "அடைக்கலம்! என் துண்டத் தரேன், கிழிச்சாவது வச்சிக்கடா! டேய்!"

உலை பார்க்கிற கரிக்காரன் பழுத்த ரிவிட்டை இடுக்கியில் கொண்டுவந்து துவாரத்தில் செருகினான். அது ஆறுவதற்குள் அடிக்க வேண்டும். பிச்சை ஓட்டையைப் பார்த்தான், ரிவிட்டைப் பார்த்தான்.

உள்ளேயிருந்து தகட்டில் இரண்டு தட்டு.

பிச்சை சம்மட்டியை எடுத்து அடித்தான்.